அரையாட்டப் பதினைந்து நிமிடம்: மைதானத்துக் கடை, தேத்தண்ணீர், ஒலிபெருக்கி எங்கே பிழைக்கின்றன?

நடுவர் அரையாட்ட விசில் ஊதினால் கையில் இருப்பது 15 நிமிடம். கழகத்துக் கடை உழைப்பதும் அதன் பெயர் கெடுவதும் அதற்குள்தான். விசிலுக்குப் பிறகு செய்யத் தொடங்குகிற வேலை எதுவும் அந்த நேரத்துக்குள் முடியாது. கீழே வரும் பிழைகளில் பல இதிலிருந்துதான் வருகின்றன.

அளவுகள் எல்லாம் ஊர்க் கழகங்கள் நடத்தும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளுக்கானவை. யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கு மாதிரிக் கட்டிய அரங்கு அல்ல. ஒரு பக்கம் கயிறு, மறுபக்கம் மதில், மதிலின் மேல் பொடியன்கள் என்றிருக்கும் மைதானம். ஒவ்வொரு பிழைக்கும் முதலில் காசு செலவில்லாத காரணத்தைப் பாருங்கள். காசு கேட்கும் காரணங்கள் அதற்குப் பிறகு.

வரிசை நகரவில்லை, இரண்டாம் பாதி தொடங்கியும் சனம் கடையடியில் நிற்கிறது

போனில் நேரம் வைத்து, பத்துப் பேர் வாங்கிப்போக எவ்வளவு எடுக்கிறது என்று பாருங்கள். 7 நிமிடம் என்றால் ஆளுக்கு 42 வினாடி. அந்த வேகத்தில் ஒரு மேசை அரையாட்டத்துக்குள் 21 பேரைத்தான் அனுப்பும். 600 பேர் வந்த ஆட்டத்தில் மூன்றில் ஒருவர் கடைக்கு வந்தாலே 200 பேர். பத்து மேசை வேண்டும். எந்தக் கழகத்திடமும் அது இல்லை. ஆளுக்கு 15 வினாடியாகக் குறைத்தால் ஒரு மேசை 60 பேரை அனுப்பும், நாலு மேசை போதும்.

அந்த 42 வினாடி எங்கே போகிறது? பெரும்பாலும் விலை கேட்பதிலும் மிச்சக்காசு தேடுவதிலும். விலைப்பலகை மேசையில் சாய்ந்து கிடந்தால் முன்னால் நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும். தலைக்கு மேலே கட்டுங்கள், எழுத்து நாலு விரல் உயரம் இருக்கட்டும். விலையை 50இன் மடங்கில் வையுங்கள். 130 ரூபாய் என்று வைத்தால் ஒவ்வொருவருக்கும் சில்லறை எண்ண வேண்டும். 5000 ரூபாய்த் தாள் நீட்டுகிறவரை வரிசையிலிருந்து விலக்கி, மாத்திக்கொடுக்க என்று தனியே ஒருவரிடம் அனுப்புங்கள்.

அதுவும் போதவில்லை என்றால் துண்டு முறைக்கு மாறுங்கள். நுழைவாயிலிலேயே நிறத்துண்டு விற்றுவிட வேண்டும்: மஞ்சள் என்றால் தேத்தண்ணீர், நீலம் என்றால் ரோல்ஸ். கழக முத்திரை குத்தாத துண்டு விற்காதீர்கள். நிறக்கடதாசி எந்தக் கடையிலும் வாங்கலாம் என்பது மதிலில் இருக்கும் பொடியன்களுக்கும் தெரியும். மிஞ்சிய துண்டுக்கு ஆட்டம் முடியும்வரை காசு திருப்பிக் கொடுப்போம் என்று எழுதி ஒட்டினால்தான் சனம் முன்கூட்டி வாங்கும்.

பிறகு மேசை ஒழுங்கு. குடிக்கிறதும் சாப்பாடும் ஒரே மேசையில் வேண்டாம். ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போக வேண்டும். வந்த வழியே சூடான குவளையோடு திரும்புகிறவர்தான் வரிசையை உடைக்கிறார். 40ஆவது நிமிடத்தில் முதல் 60 குவளையும் ஊற்றி நிற்கட்டும். அதற்கு முன் ஊற்றினால் கடதாசிக் குவளையில் ஆறிவிடும்.

இறுதியாட்டத்துக்கு 1500 பேருக்கு மேல் எதிர்பார்த்தால் கழகம் தனியே சமாளிக்க நினைக்க வேண்டாம். சுண்டல்காரரையும் கச்சான்காரரையும் ஐஸ்கிறீம் வானையும் முன்பே பேசி, மைதானத்தின் எதிர் மூலைகளில் இடம் குறித்துக் கொடுங்கள். எல்லாரையும் வாசலடியில் விட்டால் ஒரே நெரிசலை இரட்டிப்பாக்கியதுதான் மிச்சம்.

தேத்தண்ணீரில் சாயம் இறங்கவில்லை. மேலே படலம் மிதக்கிறது

தேயிலையைக் கூட்டுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறுகிற தண்ணீர். அந்தச் சுண்ணாம்பு தேயிலைச் சாற்றோடு சேர்ந்து மேலே பளபளவென்று படலமாக நிற்கும், நிறமும் மங்கிப் பழுப்பாகும். அதற்கு எவ்வளவு தேயிலை போட்டாலும் கசப்புத்தான் கூடும்.

ஒரு கண்ணாடிக் குவளையில் மைதானத்துக் கிணற்றுத் தண்ணீரிலும் இன்னொன்றில் பவுசரில் வரும் நல்ல தண்ணீரிலும் ஒரே அளவு தேயிலை போட்டு ஐந்து நிமிடம் வையுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் காரணம் அதுதான்.

செலவில்லாத தீர்வு: தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, அடியில் வெள்ளைப்பொடி இறங்கும்வரை வைத்து, மேல்தண்ணீரை மட்டும் வேறு கிடாரத்துக்கு மாற்றுங்கள். சுண்ணாம்பில் ஒரு பகுதி இப்படிக் குறையும். கரையோர ஊர்களில் வாயில் உவர் தெரிகிற தண்ணீருக்கு இது உதவாது, உப்பு கொதித்து இறங்காது. உரம் போடும் தோட்டங்களிலிருந்து கிணற்றுக்கு இறங்கும் நைத்திரேற்றும் அப்படித்தான்; கொதிக்கவைத்தால் தண்ணீர் வற்றி அது செறிவுதான் ஆகும். அங்கே பவுசர் தண்ணீர் தவிர வேறு வழியில்லை.

100 குவளைக்கு, குவளை 150 மில்லிலீற்றர் என்றால், 15 லீற்றர் தண்ணீர், 200 முதல் 250 கிராம் தூள் தேயிலை, 1 கிலோ சீனி, இஞ்சி போடுவதென்றால் 150 கிராம் நசுக்கியது. தேயிலையைத் துணிப்பையில் கட்டி இறக்கி ஐந்து நிமிடத்தில் தூக்கிவிடுங்கள். பையை உள்ளேயே விட்டு அடுப்பில் வைத்திருப்பதுதான் இரண்டாம் பாதியில் வரும் கசப்புக்குக் காரணம். சாயம் பிடித்தபின் அடுப்பைக் குறைத்து மூடி வைத்தால் போதும்.

தேசிக்காய் பிழிந்தால் படலம் மறையும், நிறமும் வெளிறும். அது வேறு தேத்தண்ணீர், வேறு துண்டு. பால்மா போட்ட கிடாரத்துக்குப் பக்கத்தில் தேசிக்காயை வைக்கவே வேண்டாம்.

ரோல்ஸ் எண்ணெய் குடித்து நிற்கிறது, அல்லது ஈரமாய்ச் சவசவக்கிறது

இரண்டும் ஒன்றல்ல. கடித்ததும் எண்ணெய் வழிந்தால் பிழை தாச்சியில். மேல்தோல் பிசைந்த பாண் மாதிரி இருந்தால் பிழை வைத்த பெட்டியில்.

தாச்சி: எண்ணெய் 170 முதல் 180 பாகை செல்சியசில் நிற்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சிட்டிகை ரஸ்க் தூள் போடுங்கள். உடனே நுரைத்து மேலே வந்தால் சரி. அடியில் கிடந்து மெல்ல எழும்பினால் சூடு போதாது. போட்டதும் கருகினால் கூடிவிட்டது. வழமையான பிழை, அவசரத்தில் ஒரே நேரத்தில் இருபது போடுவது. சூடு விழுந்து எண்ணெய் உள்ளே போகிறது. மேற்பரப்பில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் வேறொரு காரணமும் உண்டு: காற்று காஸ் நெருப்பைச் சாய்த்து, தாச்சி சூடேறவே மாட்டேன் என்கிறது. மூன்று பக்கமும் தகரம் மறைத்தால் சரியாகும். சிலிண்டர் அந்த மறைப்புக்கு வெளியே, நிமிர்ந்து, அடுப்பிலிருந்து எட்டி இருக்க வேண்டும். காஸ் மணம் வந்தால் இணைப்பில் சவர்க்கார நுரை தடவுங்கள்; குமிழ் வந்தால் வால்வைப் பூட்டி அடுப்பை விட்டுவிடுங்கள். குழாயை ரேப் சுற்றிச் சமாளிக்கிற வேலை வேண்டாம். புதுக் குழாயும் கிளிப்பும் காஸ் முகவரிடம் வாங்கிப் பூட்டும்வரை அந்த அடுப்பு இல்லை.

எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல், வழமையைவிடச் சீக்கிரம் புகைந்தால் அது முடிந்துவிட்டது. புதுசை மேலே ஊற்றி இளக்காதீர்கள்.

பெட்டி: சுடச்சுட ரிஜிபோம் பெட்டியில் போட்டு இறுக்க மூடினால் ஆவி திரும்ப ரோல்ஸிலேயே இறங்கும். அடியில் கடதாசி விரித்து, கம்பித் தட்டில் எண்ணெய் வடியவிட்டு, மூடியை ஒரு விரல் திறந்து வையுங்கள். பொரிக்கும்போதே வெடித்தால் கறியைச் சூடாக வைத்துச் சுருட்டியிருக்கிறார்கள். கறி முழுக்க ஆறியபின் சுருட்டச் சொல்லுங்கள்.

இறைச்சியோ மீனோ முட்டையோ உள்ளது எதுவும் (மிதிவெடி என்கிற முட்டைப் பலகாரமும்தான்) 60 பாகைக்குக் கீழே வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 பாகையைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம். மத்தியானம் பேக்கரியிலிருந்து எடுத்து வந்து அரையாட்டத்தில் விற்பது இந்தக் கணக்கில் வராது. அப்படித்தான் செய்ய முடியும் என்றால் கடலை வடை, உழுந்து வடை, சுண்டலோடு நில்லுங்கள். உழுந்து வடை ஆறினாலும் சனம் வாங்கும். ஆறின மீன் ரோல்ஸை ஒருமுறை வாங்கியவர் அடுத்தமுறை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவார்.

சோடா சூடு, சர்பத் முதல் ஐம்பது பேருக்கு இனிப்பு, பிறகு வெறும் தண்ணீர்

சர்பத்தின் கதை எளிது. ஐஸை வாளிக்குள்ளேயே போட்டிருக்கிறார்கள், அது கரையக் கரைய இளகுகிறது. சீனிப்பாகைக் கெட்டியாகத் தனிப் பாத்திரத்தில் குளிரவைத்து, குவளைக்கு ஒரு பங்கு பாகு, ஐந்து பங்கு குளிர்ந்த தண்ணீர் என்று அளவுக் கரண்டியால் ஊற்றுங்கள். கசகசா ஊறப் பதினைந்து நிமிடமாவது வேண்டும். காய்ந்ததைத் தூவினால் பல்லில்தான் மாட்டும்.

சோடாவுக்கு வெறும் ஐஸ் கட்டிகளின் மேல் போத்தலை அடுக்கினால் தொட்ட இடம் மட்டும் குளிரும். ஐஸோடு தண்ணீரும் விட்டுப் போத்தலை மூழ்கவையுங்கள். சின்னப் போத்தல் அரை மணி நேரத்துக்குள் குளிர்ந்துவிடும். ஒரு லீற்றர் பானத்துக்கு அரைக் கிலோ ஐஸ் என்று கணக்குப் போட்டால் வெயிலில் கரைகிறதுக்கும் சேர்த்துக் காணும்.

ஆனால் எந்த ஐஸ்? மீனுக்குப் போடும் பார் ஐஸ் போத்தலுக்கு வெளியே மட்டும். குவளைக்குள் போகிற ஐஸ் குடிதண்ணீரில் செய்ததாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் அவசரத்தில் கை மாறும். ஆகவே இரண்டு பெட்டி, இரண்டு நிறம்.

சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, வயிற்றோட்டம்

இதில் படிப்படியாகச் சோதிக்கிற வேலை இல்லை. இரண்டாவது ஆள் சொன்ன உடனேயே விற்பனையை நிறுத்துங்கள். மிஞ்சிய சாப்பாட்டையும் தண்ணீரையும் கொட்டாமல் மூடிக் குளிரில் வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதைத்தான் முதலில் கேட்பார். அவருக்கு அன்றே சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு ஜீவனியை (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றப் பொடி) பொட்டலத்தில் உள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சிறுபிள்ளை, வயதானவர், இரத்தம் போகிறவர், சோர்ந்து விழுகிறவர் என்றால் 1990க்கு எடுத்து அம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

வெயிலில் மயங்கி விழுகிறவரும் உண்டு. நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியும் விசிறியும். பேச்சுத் தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் அதே 1990. கடையில் காசுக்கு விற்கும் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் இலவசக் குடிதண்ணீர்ப் பானை வைக்காத மைதானத்தில்தான் இது கூட நடக்கும்.

ஒலிபெருக்கி தொல்லை கொடுக்கிறது

"ஒலிபெருக்கி சரியில்லை" என்று ஆளைக் கூப்பிடுமுன், என்ன மாதிரிச் சரியில்லை என்று கேளுங்கள்.

*கூவுகிறது:* ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குத் திரும்பப் போகிறது. அறிவிப்பாளர் ஸ்பீக்கருக்குப் பின்னால் நிற்க வேண்டும். மைக் வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில். பாவிக்காத இரண்டாவது மைக்கை நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் கூவினால் மேல்சுருதியை (ட்ரெபிள்) கொஞ்சம் குறையுங்கள்.

*சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை:* மைதானத்தின் இரண்டு முனையிலும் ஹோர்ன் கட்டியிருப்பார்கள். சத்தம் 100 மீற்றர் போக ஏறக்குறைய 0.3 வினாடி எடுக்கும். ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் விழுகிறது. சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். ஒரே திசை பார்க்கச் சின்ன ஸ்பீக்கர் நாலைந்தைச் சனம் இருக்கும் பக்கம் முழுக்கப் பரப்பி, ஒவ்வொன்றையும் குறைத்து வையுங்கள். ஹோர்னின் வாய் பனைமர உச்சியைப் பாராமல் சனத்தின் தலையைப் பார்க்கட்டும். காற்றுக்கு எதிராகச் சத்தம் போகாது. சோளகத்தில் தென்மேற்குப் பக்கத்திலும் வாடையில் வடகிழக்குப் பக்கத்திலும் ஸ்பீக்கரை நிறுத்தினால் காற்றே சுமந்து போகும்.

*உறுமுகிறது:* மைக் வயரும் மின்வயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. விலக்குங்கள், கடக்கத்தான் வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். போன் சார்ஜரில் இருக்கும்போது பாட்டுப் போட்டால் உறுமுகிறதா என்றும் கழற்றிப் பாருங்கள்.

*கொஞ்ச நேரம் நன்றாகப் பாடி, பிறகு நின்றுவிடுகிறது:* அம்ப் (ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி) சுடுகிறது. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாகக் கொடுத்தால் 4 ஓம், நாலு கொடுத்தால் 2 ஓம். அம்பின் பின்னால் குறைந்தது 4 ஓம் என்று எழுதியிருந்தால் இரண்டுக்கு மேல் கொடுத்த ஸ்பீக்கர்தான் அதைக் கொல்கிறது. இரண்டைக் கழற்றுங்கள். நீண்ட தூரத்துக்கு 100 வோல்ற் லைன் அம்பும் அதற்குரிய ஸ்பீக்கரும் வாடகைக்கு எடுக்க வேண்டும்.

*எந்த அம்பில் கொடுத்தாலும் ஒரே ஹோர்ன் கிறீச்சிடுகிறது:* உள்ளே மென்றகடு (அதிர்ந்து சத்தம் எழுப்பும் மெல்லிய தகடு) கிழிந்துவிட்டது. ஒலியமைப்புக்காரரிடம் கொடுங்கள். திருத்தி வந்தபின் அதில் பேஸ் பாட்டுப் போட்டால் திரும்பக் கிழியும்.

பந்து ஓடும்போது பாட்டு வேண்டாம். பறையும் பாண்டும் அடிக்கிற இடத்துக்கு மேலே சினிமாப் பாட்டை ஏற்றினால் இரண்டும் கெடும். சனம் எழுப்பும் சத்தத்துக்கு இடம் விட்டால்தான் மைதானம் மைதானமாக இருக்கும்.

விளக்கு மங்குகிறது, ட்ரிப் சுவிச் விழுகிறது

கேத்தில் போட்டவுடன் மங்கினால் சுமை கூடிவிட்டது. ஜெனரேற்றரில் ஓடும் எல்லாவற்றினதும் வாற்றைக் கூட்டுங்கள். 5 கே.வி.ஏ. என்றால் 4000 வாற் என்று எடுத்து, அதில் முக்கால்வாசிக்கு மேல் ஏற்றாதீர்கள். 2000 வாற் கேத்தில் ஒன்றும் 200 வாற் எல்.ஈ.டி. விளக்கு ஆறும் சேர்ந்தாலே 3200. தண்ணீரைக் காஸில் கொதிக்க வைத்தால் பிரச்சினையே தீரும். குளிர்ப்பெட்டி ஸ்ரார்ட் ஆகும்போது அதில் எழுதியதைவிடப் பல மடங்கு இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுமை சரி, தூரத்து விளக்கு மட்டும் மங்கல் என்றால் வயர். 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 50 மீற்றர் தூரம் 2000 வாற் அனுப்பினால் வழியிலேயே 10 வோல்ற் அளவு விழும். 2.5க்கு மாறினால் ஆறு வோல்றுக்குக் கொஞ்சம் மேலே. சுருளில் மிஞ்சிய வயரை முழுக்க அவிழ்த்துவிடுங்கள், சுற்றியபடி இருந்தால் சூடேறி உருகும்.

ட்ரிப் சுவிச் விழுந்துகொண்டே இருந்தால் எல்லாப் பிளக்கையும் கழற்றி ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான் பிழை. யாருக்காவது சின்னதாய் ஷொக் அடித்தாலோ, மழை ஈரத்தில் சுவிச் விழுந்தாலோ சோதனை அதோடு முடிந்தது; மின்வேலைக்காரர் வரும்வரை விளக்கில்லை. சுவிச்சை விழாமல் கட்டிவைப்பது, ஜெனரேற்றர் வயரைப் பக்கத்துக் கட்டடத்துப் பிளக்கில் செருகி அந்தக் கட்டடத்துக்கே கொடுப்பது, இரண்டும் ஆளைக் கொல்லும். லைனில் வேலை செய்கிற மின் ஊழியரையும் சேர்த்து.

அரையாட்டத்தோடு சனம் போய்விடுகிறது

முதலில் வெயிலைப் பாருங்கள். கிழக்குக் கோட்டோரம் இருப்பவருக்கு நாலு மணிச் சூரியன் நேரே கண்ணில். கதிரையையும் பந்தலையும் மேற்குப் பக்கத்துக்கு மாற்றச் செலவில்லை. மாற்ற இடமில்லை என்றால் கிடுகோ தறப்பாளோ.

அடுத்தது நேரம். 3.30 என்று நோட்டீஸ் அடித்து 4.30க்குத் தொடங்குகிற பழக்கம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விலகல் முறையில் ஆட்டம் 4 மணிக்குத் தொடங்கினால் 5.50 அளவில் முடியும். சமநிலை என்றால் மேலதிக 30 நிமிடமும் தண்ட உதையும் சேர்ந்து 6.40 தாண்டும். டிசம்பரில் அதற்கு முன்பே இருட்டிவிடும். விளக்கில்லாத மைதானத்தில் 3.15க்குப் பந்து உருள வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை அறிவிப்பாளர் அரையாட்டத்தில் சொன்னால் தூரத்துச் சனம் பதறாமல் இருக்கும்.

பெண்களும் பிள்ளைகளுமே முதலில் எழும்பிப் போகிறார்கள் என்றால் அறிவிப்பாளரைக் குறை சொல்லாதீர்கள். கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். உள்ளே தாழ்ப்பாள், வாளி நிறையத் தண்ணீர், ஒரு விளக்கு, போகிற வழியில் வெறிக்குட்டிகள் நிற்காத ஏற்பாடு. இந்த நாலும் இல்லாமல் எத்தனை பாண்ட் கூட்டினாலும் அந்தப் பக்கம் வெறிச்சோடித்தான் கிடக்கும். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தால் அதிபரிடம் கேட்டு அங்குள்ள கழிப்பறையைத் திறந்துவிடலாம். கிடைக்காவிட்டால்தான் நடமாடும் கழிப்பறை வாடகைக்கு.

இவ்வளவும் சரியாகி, சனம் இருந்தும் சத்தமில்லை என்றால் கயிறு தூரத்தில் இருக்கிறது. கோட்டிலிருந்து மூன்று மீற்றருக்குக் கொண்டுவாருங்கள், கோல் கம்பத்துக்குப் பின்னால் மட்டும் இன்னும் தள்ளி. அரையாட்டத்தில் பத்து வயதுப் பொடியன்களுக்கு ஐந்து நிமிடத் தண்ட உதைப் போட்டி வையுங்கள். அவர்களின் அம்மா, மாமா, சித்தப்பா ஒருவரும் எழும்பிப் போகமாட்டார்கள்.

கூச்சல் கைகலப்பாகிறது

இரண்டு கழக ஆதரவாளரும் ஒரே கடை வரிசையில் நிற்கிறார்களா பாருங்கள். தோற்கிற பக்கத்தை வெல்கிற பக்கத்தோடு தேத்தண்ணீருக்கு முண்டவிட்டால் வேறென்ன நடக்கும். பக்கத்துக்கொரு கடை வையுங்கள், சின்னதாக இருந்தாலும். நடுவர் உடைமாற்றப் போகிற வழியைக் கயிறு கட்டி, இரண்டு கழகத்துப் பெரியவர்களையும் அதில் நிறுத்துங்கள். இறுதியாட்டத்துக்குப் பொலிசுக்கு முன்கூட்டிக் கடிதம் கொடுத்து வைப்பது நல்லது. கதிரையோ கல்லோ பறந்துவிட்டால் சமாதானம் பேசிக்கொண்டிராமல் 119க்கு எடுங்கள், ஒலிபெருக்கி அம்பை நிறுத்துங்கள், கடையில் கொதிக்கிற எண்ணெய்த் தாச்சியை முதல் வேலையாக அடுப்பிலிருந்து இறக்கிச் சனம் இல்லாத பக்கம் வையுங்கள்.